சத்தம் போடாத பிரேக்

இப்போதெல்லாம் மனிதர்கள் பொருளைப் பயன்படுத்த வாங்குவதில்லை. இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள வாங்குகிறார்கள். இது நாகரிகத்தின் சிகரம். அந்தச் சிகரத்தில் ஏறி நிற்பவர்களில் முதல்வர் என் மாப்பிள்ளை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அவரிடம் ஒரு மலை சைக்கிள் இருக்கிறது. நான்கு வருடத்தில் அது பார்த்த ஒரே மலை, துவைத்துக் குவித்த துணிமலை. இடம் அடைக்கக் கூடாது என்று பால்கனியில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார். ஒரு சக்கரத்தில் சட்டை காயும், இன்னொன்றில் துண்டு காயும். உடற்பயிற்சி முழுவதும் என் மகளுக்கு.

மாப்பிள்ளை தம் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. மாடிப்படியில் 'படிக்கட்டு உள்ளது, கவனம்' என்று பலகை வைத்தவர் அவர்தான். அதற்குப் பிறகு படி தடுக்கி யாரும் விழவில்லை. பலகை தடுக்கி இரண்டு பேர் விழுந்தார்கள்.

அப்படிப்பட்டவருக்கு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஞாயிறு காலை 'ஆரோக்கியப் பவனி'. குன்றின் மேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கீழே கம்பெனி வாசல்வரை ஊழியர்கள் சைக்கிளில் இறங்க வேண்டும். முன்னால் பொது மேலாளர், அவருக்கு ஒரு சக்கரம் பின்னால் பாதுகாப்பு அதிகாரி. வாசலைத் தாண்டினால் பெரிய சாலை. அதில் ஓடுகிற பஸ்கள் சுற்றறிக்கை படிப்பதில்லை.

சனிக்கிழமை காலை சைக்கிளை இறக்கினார். நான் பின் பிரேக்கின் பிடியை அழுத்திப் பார்த்தேன். பாலில் ஊறிய ரொட்டிபோல் அமுங்கி, கைப்பிடியோடு போய்ப் படுத்துக்கொண்டது. முன் பிரேக் கொஞ்சம் பிடித்தது. ஆனால் கழுத்தைத் திருகிய கோழிபோல் கத்தியது.

"மாப்பிள்ளை, பின்னாடி செத்துப்போச்சு. முன்னாடி இழுத்துக்கிட்டிருக்கு."

"மாமா, இது ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். கம்பியெல்லாம் கிடையாது. குழாய்க்குள்ள எண்ணெய் இருக்கு. அந்த எண்ணெய்தான் பிடிக்க வைக்குது."

"எண்ணெய் பிடிக்குமா, வழுக்குமா?"

"உள்ள இருந்தா பிடிக்கும்."

"வெளிய இருந்தா?"

"அதெல்லாம் கையேட்டுல இருக்கு மாமா," என்றார். கையேடு அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. பெட்டி எங்கே இருக்கிறது என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை.

இந்த நேரத்தில் சாமானியன் சைக்கிள் கடைக்குப் போவான். மாப்பிள்ளை குழு அமைத்தார். குழுவில் அவரும், அவருடைய கம்பெனிப் பயிற்சி அதிகாரியும் இருந்தார்கள். பயிற்சி அதிகாரி தங்கமான மனிதர். எதையும் செய்து பார்த்ததில்லை. ஆகையால் எல்லாவற்றையும் கற்றுக்கொடுப்பார்.

குழு முதலில் முன்சக்கரத்தைக் கழற்றியது. சக்கரம் இல்லாதபோது பிரேக் பிடியை அழுத்தலாமா கூடாதா என்று விவாதம் நடந்தது. விவாதம் முடிவதற்குள் நான்கு தடவை அழுத்திவிட்டார்கள். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தகட்டைக் கவ்வ வேண்டிய இரண்டு பிரேக் கட்டைகளும், நெடுநாள் பிரிந்த அண்ணன் தம்பிபோல் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. டிஸ்க் உள்ளே நுழைய மாட்டேன் என்றது. திருப்புளியை விட்டு நெம்பி, உறவை முறித்து, சக்கரத்தை மாட்டினார்கள்.

இப்போது கோழி போய், கழுதை கத்தியது. அடுத்த வீட்டு நாய் பதில் சொன்னது.

பயிற்சி அதிகாரி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் டப்பா அவர் கண்ணில் பட்டது. டிஸ்க்கின் இருபுறமும் தாராளமாகப் பீய்ச்சினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிடியை அழுத்தினார். சத்தமே இல்லை. சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா சார், சத்தம் நின்னுடுச்சு!"

"சத்தம் நின்னுச்சு தம்பி. சக்கரம் நிக்கலையே?"

"சார், புகார் என்ன? சத்தம். இப்ப சத்தம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப புகார் தீர்ந்துபோச்சு."

"பின் பிரேக்கு?"

"அது ஆரம்பத்துலேர்ந்தே சத்தம் போடல சார். அதுமேல புகாரே கிடையாது."

இருவரும் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டார்கள். 'பரிசோதனை நிறைவு. குறைபாடு எதுவும் இல்லை.' பயிற்சி அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டு விடைபெற்றார். எங்கள் வீட்டுத் திரைச்சீலையில்தான் துடைத்தார்.

அவர் தெரு முனையைத் தாண்டியதும் என் மகள் போனை எடுத்து, சைக்கிள் கடைக்கார அம்மாவை வரச் சொன்னாள். அந்த அம்மா வந்தார். டிஸ்க்கை ஒரு விரலால் தொட்டு முகர்ந்தார்.

"யாரு இந்தப் புண்ணியவான்? டிஸ்க்குக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டியிருக்காரு?"

"குழு," என்றேன்.

"கட்டை ரெண்டும் எண்ணெயைக் குடிச்சிடுச்சுங்க. இனி என்ன துடைச்சாலும் பிடிக்காது, தூக்கிப் போட வேண்டியதுதான். பின்னாடி, தலைகீழாத் தொங்கினதுல குழாய்க்குள்ள காத்து போயிருக்கு. எண்ணெய் அமுங்காது, காத்து அமுங்கும். அதான் பொதபொதன்னு இருக்கு. காத்தை எடுக்கணும், புதுக் கட்டை போடணும். திங்கக்கிழமை ஆகும். அதுவரைக்கும் இதுமேல யாரும் ஏறாதீங்க."

அந்த அம்மா சொன்னதையும் நான் நம்பவில்லை. நான்கு வருடம் சும்மா தொங்கியதில் காற்று போய்க் குடியேறுமாம். ஆனால் 'ஏறாதீங்க' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பினேன்.

"கேட்டுச்சாங்க?" என்றாள் மகள், மாப்பிள்ளையைப் பார்த்து.

"கேட்டுச்சும்மா. ஆனா கையெழுத்துப் போட்டாச்சே. இப்பப் போய்க் குறை இருக்குன்னா, போட்ட கையெழுத்து பொய்யாயிடும்."

"உங்க கையெழுத்து நல்லா இருக்கட்டும். பல்லு போனா பரவாயில்லையா?"

"பாதுகாப்பு அதிகாரியே பயந்து வரலைன்னா மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

"உயிரோட இருக்கான்னு நினைப்பாங்க!"

அவர் கேட்கவில்லை. பாதுகாப்பு என்பது மற்றவர்களுக்குச் சொல்வது.

மறுநாள் காலை என் மகள், சோபாவின் மெத்தைகள் இரண்டை என் கையில் கொடுத்தாள். "அப்பா, கீழ கம்பெனி வாசல்ல போய் நில்லுங்க. எங்க விழுவாருன்னு பாத்துப் போடுங்க." போனேன். வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. வெளியே பஸ் ஒன்று போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

"கதவைச் சாத்துப்பா," என்றேன் காவலாளியிடம்.

"எழுத்துல உத்தரவு வேணும்ங்க."

நானே சாத்தப் போனேன். கதவைத் தொட அனுமதியில்லை என்று கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இழுபறி செய்துகொண்டிருந்தபோது மேலே விசில் கேட்டது.

பொது மேலாளர் அன்னநடையாக இறங்கினார். அவரை யாரும் முந்துவதில்லை. அது அந்தக் கம்பெனியின் எழுதாத சட்டம். மாப்பிள்ளை முந்தினார். இரண்டு பிடிகளையும் உயிரைக் கொடுத்து அழுத்திக்கொண்டு, "ஒதுங்குங்க! ஒதுங்குங்க!" என்று கதறிக்கொண்டே வந்தார். ஊழியர்கள் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு கை தட்டினார்கள். பிரேக்கிலிருந்து ஒரு சிறு முனகல்கூட இல்லை. குழுவின் வேலை அப்படி.

வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது கைப்பிடியைத் திருப்பிச் செடிவேலிக்குள் பாய்ந்தார். என் மெத்தைகளுக்கு மூன்றடி தள்ளி விழுந்தார். அளவெடுத்து விழுவதற்கு யாரும் பயிற்சி தரவில்லை.

ஒரு பல் போயிற்று. உதடு கிழிந்தது. தூக்கி உட்கார வைத்து, இலைகளைத் தட்டிவிட்டு, கழுத்தில் பதக்கம் போட்டார்கள். "முதலிடம்! என்ன துணிச்சல்!" என்றார் பொது மேலாளர்.

பயிற்சி அதிகாரி படிவத்தோடு வந்தார். "சார், பார்வையாளர் சார்பா ஒரு கையெழுத்து."

"என்ன எழுதியிருக்கு?"

"'பிரேக் சிறப்பாகச் செயல்பட்டது. புகார் இல்லை.'"

"வண்டி நிக்கவே இல்லையேப்பா!"

"நிக்கலைன்னு யாரும் எழுதிக் கொடுக்கலையே சார்."

மாப்பிள்ளை பதக்கத்தைத் தடவிக்கொண்டு, காற்றுப் போகிற வாயால், "போட்டுடுங்க மாமா, பதவி உயர்வு வருது," என்றார்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். மெத்தைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன். எனக்குப் பின்னால் கையெழுத்துப் போடப் பதினாறு பேர் வரிசையில் நின்றார்கள். கதவு அப்போதும் அகலத் திறந்தே கிடந்தது. அதைச் சாத்த அந்தக் கம்பெனியில் ஒரு ஆள் இல்லை.