பாறையைக் கேட்ட செண்பகம்

அத்திபெலே என்ற ஊர்ப் பெயரைச் செண்பகத்தின் காதில் ஓதியவன் எவனோ, அவன் உருப்பட மாட்டான். ஒரு குடும்பத்தில் விவாகரத்து நல்லபடியாக, சிக்கனமாக, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லாமல் நடந்துகொண்டிருந்தது. நடுவில் புகுந்து கெடுத்துவிட்டான் பாவி.

செண்பகத்தின் புருஷன் உத்தமன் லேசுப்பட்ட ஆள் இல்லை. கோலார் தங்கவயலில் தகரம் பொறுக்கி, பெங்களூருக்கு வந்து பழைய கட்டடச் சாமான் வியாபாரியாகி, இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தபோது பிரேசர் டவுனில் கீழே நான்கு கடை, மேலே வீடு என்று சொந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தவர். மர்பி டவுனில் கோடவுன். பேங்கில் கொழுத்த டெபாசிட். அத்தனையும் பேரத்தில் வந்தது.

அவர் பேரத்துக்கு ஒரு வித்தை உண்டு. எங்கேயாவது பழைய பங்களாவை இடிக்கிறார்கள் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். கண் தேக்குப் படிக்கட்டின் மேல் இருக்கும். வாய் உடைந்த பாத்டப்பை விலை கேட்கும். "இந்தத் தொட்டி மட்டும் போதும் சார். படிக்கட்டு யாருக்கு வேணும், கரையான்." உடைமைக்காரனுக்குச் சந்தேகம் வந்துவிடும். தொட்டியில் என்னவோ இருக்கிறது என்று அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டை விறகு விலைக்குத் தள்ளிவிடுவான். மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்த செண்பகம் டிபன் கேரியரோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

விவாகரத்துக்குக் காரணமும் பேரம்தான். செண்பகத்துக்குக் குடல்வால் வலி. ஆம்புலன்ஸ் டிரைவர் இருநூறு கேட்டான். உத்தமன் எண்பதில் ஆரம்பித்தார். ஒருவழியாக நூற்றுப்பத்தில் முடித்துவிட்டுப் பெருமையாகத் திரும்பினால், ஸ்ட்ரெச்சர் காலி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போயிருந்தாள். மீட்டருக்கு மேல் ஐந்து ரூபாய் வேறு கொடுத்தாளாம். அந்த ஐந்து ரூபாய் அவருக்கு இன்றுவரை ஆறாத புண்.

தையல் பிரித்த மறுநாள், "போதும், பிரிஞ்சிக்கலாம்" என்றாள்.

வக்கீல் ஞானசேகரன் பொறுமைசாலி. "ரெண்டு பேருக்கும் சம்மதம்னா மனு போட்டுடலாம். தீர்ப்பாக ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள சொத்து விஷயத்தை முடிச்சிக்குங்க. அம்மா, ஜீவனாம்சமா உங்களுக்கு என்ன வேணும்?"

பாதி கேட்பாள் என்று உத்தமன் பதினாறு பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தார்.

"ஒண்ணும் வேணாம் சார். அத்திபெலேல ரெண்டு ஏக்கர் பாறை கிடக்குதே, அத்த மட்டும் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

பதினாறு பதிலும் வீணாய்ப் போனது. அந்தப் பாறை, கதவு வாங்கிய கான்ட்ராக்டர் ஒருவன் காசில்லாமல் தலையில் கட்டியது. வழி கிடையாது. தண்ணீர் கிடையாது. மேலே ஹை டென்ஷன் கம்பி. ஆடுகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காது. இதை ஏன் கேட்கிறாள்? எவனோ சொல்லியிருக்கிறான்.

மறுநாள் காலை மாருதியை எடுத்துக்கொண்டு அத்திபெலே போனார். பாறையின் மேல் மூன்று வெள்ளைக் கோடு, பளிச்சென்று. சர்வே. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரை விசாரித்தார்.

"இல்லி ஏனூ இல்லா சார். ஒண்ணுமே இல்ல."

முடிந்தது. ஒன்றும் இல்லை என்று ஒருத்தன் சொன்னால் ஏதோ இருக்கிறது. ஏர்போர்ட்டோ, கம்ப்யூட்டர் கம்பெனியோ.

"குடுத்துடுங்க சார்" என்றார் ஞானசேகரன் ரகசியமாக, மூவரும் மறுபடி வக்கீல் ஆபீசில் கூடியபோது. "ஒரே கையெழுத்து. இவ்வளவு மலிவா யாருக்கும் விடுதலை கெடைக்காது."

"நீங்க படிச்சவரு. உங்களுக்கு வியாபாரம் தெரியாது" என்று சொல்லிவிட்டு உத்தமன் மனைவி பக்கம் திரும்பினார். "பாறை ஆகாது. கோடவுனை எடுத்துக்க."

"கோடவுனை வெச்சிக்கிட்டு நான் இன்னா பண்றது? பாறைதான்."

"டெபாசிட்ல பாதி."

"பாறை."

"முழுசும்."

செண்பகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கல்லு மேல எனக்கு ஒரு ஆசை சார். அது இவருக்குப் புரியாது."

கண்ணீரைப் பார்த்ததும் உத்தமனுக்கு வியர்த்தது. கோடிக்கணக்கில் இருக்கும் போலிருக்கிறதே. "டெபாசிட்டும் உனக்கு, பிரேசர் டவுன் கட்டடமும் உனக்கு. நாலு கடை, மேல் வீடு, எல்லாம். பாறையை மட்டும் மறந்துடு."

"வேற வழியில்லன்னா சரி" என்றாள், உயிரைக் கொடுப்பவள் போல.

பாறையின் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று அவளிடம் எழுதி வாங்கி, இரண்டு சாட்சியும் போட்டார் உத்தமன். அதோடு விடவில்லை. பெண்டாட்டியாக இருக்கும்போதே எழுதினால் முத்திரைத்தாள் செலவு குறைவு என்று, தீர்ப்புக்கு முன்பே அவசர அவசரமாகக் கட்டடத்தைப் பதிவு செய்து கொடுத்தார். மிச்சம் பிடித்த மகிழ்ச்சியில் அன்றைக்குத் தனியாகப் போய் மசால் தோசை சாப்பிட்டார்.

பிறகு மர்பி டவுன் கோடவுனில், பாத்டப்புகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, ஏர்போர்ட்டுக்காகக் காத்திருந்தார். புரோக்கர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், சிரித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே போய்ப் பார்த்தார். லாரி கிளீனர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து அந்த மூன்று வெள்ளைக் கோட்டில் போய்ப் பட்டது. அவுட் என்று கத்தினார்கள்.

அன்று சாயங்காலமே பெட்டியோடு பிரேசர் டவுன் படியேறினார்.

"செண்பகம், இந்த வயசுல விவாகரத்தெல்லாம் நமக்கு எதுக்கு? மனுவை வாபஸ் வாங்கிடலாம்."

"வாங்கிடலாம். எனக்கும் அலைச்சல் மிச்சம்."

உத்தமன் வலது காலை எடுத்து உள்ளே வைக்கப் போனார். அவள் ஒரு வாடகை அக்ரிமென்டை நீட்டினாள்.

"பத்து மாச அட்வான்ஸ். ஊர் வழக்கம்தான்."

"கட்டின புருஷன்கிட்டயா?"

"புருஷன்றதாலதான் பதினொண்ணு கேக்கல."

"எட்டு."

"பத்து."

"சரி, அது இருக்கட்டும். அத்திபெலே பத்தி உனக்குச் சொன்னவன் யாரு? பேரை மட்டும் சொல்லு."

"நீங்கதான்."

"நான் உன்கிட்ட அத்திபெலேன்னு வாயே தொறந்ததில்ல."

"நீங்க பாத்டப்னு சொன்னீங்க" என்றாள் செண்பகம். "இருபது வருஷம் டிபன் கேரியரோட பக்கத்துல நின்னேனே, சும்மாவா?"

உத்தமன் இதை நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை. இவ்வளவு பெரிய தொழில் சூட்சுமம் வேறு எவனோ தேர்ந்த கையிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஆகவே, அந்த ஆள் எங்கே ஒளிந்திருந்தாலும் சரி, இது அவனுக்கு. உத்தமன் பெட்டியோடு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். செய்ததைச் செய்தாய், மரியாதையாக வந்து அந்தப் பத்து மாச அட்வான்சை நீயே கட்டு. இன்றைக்கே வந்தால் ஒன்பதுக்குப் பேசிக்கொள்ளலாம்.