ஏழாவது வாளியில் விழ வேண்டும்

விழ வேண்டிய பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

இடது கைப்பக்கம் நடைபாதை இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நடைபாதையில் விழுந்தால் தூக்க வசதி, போட்டோ எடுக்க வசதி, முட்டி பெயராமல் இருக்கவும் கொஞ்சம் வசதி. விளம்பர மேனேஜர் முந்தின நாளே காலித் தியேட்டருக்கு மகளைக் கூட்டி வந்து, ஓரத்து இருக்கையைத் தட்டிக் காட்டி, "இங்க உட்காரு, இப்படிச் சாயி, அங்க விழு" என்று பாடம் நடத்தியிருந்தார். அந்த இருக்கையில்தான் இப்போது அம்மா பையை மடியில் வைத்து, காலை நீட்டி, சொந்த வீடு மாதிரி அமர்ந்திருந்தாள்.

"அம்மா, இந்தப் பக்கம் மாறி உட்காரேன்."

"எதுக்கு?"

"எனக்கு ஓரத்துல உட்காரணும்."

"எனக்கும்தான். ஓரம்னாத்தான் எனக்குப் பழக்கம்."

"சினிமாவுக்கே போகாதவளுக்கு என்ன பழக்கம்?"

"பேசாம இரு. பேர் போடப் போறான்."

அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் மகள். இயற்பியலில் முதல் வகுப்பு. அதற்காக உலகம் வாசலில் வந்து நிற்கவில்லை. அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்த பிறகு ஒரு பட விளம்பர அலுவலகத்தில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். போஸ்டருக்கு வாசகம் எழுதும் வேலை என்றார்கள். அவள் அதுவரை எழுதிய ஒரே வாசகம், குளியலறைக் கதவில் ஒட்டிய "தாழ்ப்பாள் சரியில்லை".

அப்போதுதான் 'ஏழாவது வாளி' வந்தது. பழைய பேய்ப்படம். ஒலியைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடுகிறார்கள். அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், ஆளாளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். கணக்குப் பார்ப்பவர், அந்தப் படம் பார்த்த பிறகு ஒரு மாதம் தன் தம்பியைக் குளியலறை வாசலில் நிறுத்திப் பாட வைத்தாராம். டிரைவருக்கு இன்றைக்கும் வாளியைக் கண்டால் ஆகாதாம். குழாய்க்கு அடியிலேயே குந்திவிடுவாராம். சொல்லும்போது ஒவ்வொருவர் முகத்திலும் முதல் காதலைப் பற்றிப் பேசுகிற களை.

ஆனால் முன்னோட்டக் காட்சிக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் பேய்க்கு ஷாம்பூ சிபாரிசு செய்தான்.

மேனேஜர் தலையில் கை வைத்தார். "அந்தக் காலத்துல ஷோவுக்கு ஷோ ஒரு பொம்பளை மயங்கி விழுவா. பேப்பர்லயே வந்துச்சு. அதைக் கேட்டுத்தான் ஜனம் முண்டியடிச்சுது. அதெல்லாம் அசல் பயம், அசல் மயக்கம். இப்ப இருக்கறதுங்களுக்குப் பயப்படக்கூடத் துப்பு இல்ல."

"அதுக்கு என்ன சார் பண்றது?"

"நீ விழணும்."

"சார், நான் ஃபிசிக்ஸ் படிச்சவ."

"நல்லதாப் போச்சு. மேல இருக்கறது கீழ எப்படி விழும்னு மூணு வருஷம் படிச்சிருக்கே."

முதல் பகல் காட்சிக்கு நிருபர் வருவார். படத்தில் கிணற்றிலிருந்து ஏழாவது வாளி மேலே வரும்போது அவள் விழுந்தால், வேலை நிரந்தரம். விழாவிட்டால், விழத் தெரிந்த பெண்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். மேனேஜர் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து எறிய வேண்டும் போலிருந்தது அவளுக்கு. எறியவில்லை. வேலை நிரந்தரமாகப் போகிறது என்று அம்மாவிடம் சொல்லி, அம்மா தெருவிடம் சொல்லி முடித்தாயிற்று.

சிக்கல் என்னவென்றால், அம்மாவுக்கும் அந்தப் படம்தான் படம். சின்ன வயதில் அவள் சாப்பிட அடம்பிடித்தால் அம்மா கதையில் முதல் வாளியை இறக்குவாள். தூங்காமல் புரண்டால் நான்காவது வாளி. யார் என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் காற்று வீசியது, எல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். ஏழாவது வாளியோடு கதை நின்றுவிடும்.

"அப்புறம்?"

"அப்புறம் எனக்குத் தெரியாது. அதுக்கு மேல நான் பார்த்ததில்ல."

பாவம், அவ்வளவு பயந்திருக்கிறாள் என்று வீட்டுப் பிள்ளைகள் முடிவுகட்டினார்கள். திரையில் வந்த பேய்க்கே தாங்காதவள், பெற்ற பெண் பக்கத்தில் சாய்ந்தால் என்ன ஆவாள்? அதனால் இந்த விஷயத்தையே வீட்டில் மூடி வைத்திருந்தாள். ஆனால் காலையில் மேனேஜர் போனில் கத்திய கத்தலில் படத்தின் பெயர் சமையலறை வரை கேட்டுவிட்டது.

"நானும் வரேன்" என்றாள் அம்மா.

"படம் நல்லா இல்லம்மா. எல்லாரும் சிரிக்கறாங்க."

"சிரிக்கறவங்க சிரிக்கட்டும். நான் மீதியைப் பார்க்கணும்."

"டிக்கெட் தீர்ந்துடுச்சு."

"ஆபீஸ்ல வேலை பார்க்கறே, ஒரு டிக்கெட் வாங்க வக்கில்லையா உனக்கு? அப்புறம் என்ன நிரந்தர வேலை?"

அந்தக் கேள்விக்கு இயற்பியலில் பதில் இல்லை. அம்மா கிளம்பிவிட்டாள். வாசலில் டிக்கெட் கிழிக்கும் பெரியவர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். டிக்கெட்டைத் திருப்பித் தர மறந்து பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன பார்வை? டிக்கெட்டுல நம்பர் இருக்கு, மூஞ்சியில இல்ல" என்று அவள் சீறினாள்.

பெரியவர் வழிவிட்டார்.

இப்போது படம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் துப்பட்டாவுக்குள் போனை மறைத்து, பின்வரிசையில் இருந்த மேனேஜருக்குச் செய்தி அனுப்பினாள்: "ஓரத்தில் அம்மா. இடது பக்கம் விழ முடியாது."

"வலது பக்கம் விழு" என்று பதில் வந்தது.

வலது பக்கம் கண்ணாடி போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். முன்பின் தெரியாத ஆள் மடியில் விழுவதற்கா அவள் அப்பாவோடு சண்டை போட்டுக் கல்லூரிக்குப் போனாள்? "முடியாது" என்று தட்டினாள்.

"முன்னாடி விழு."

முன்னால் இரும்பு விளிம்பு. மூக்கு போய்விடும்.

"வெளிச்சத்தை அணைம்மா, பேய் கண்ணு கூசுது" என்று பின்னால் ஒருவன் சொன்னான். பத்துப் பேர் சிரித்தார்கள்.

சரி, அம்மாவையாவது முன்கூட்டியே தயார்ப்படுத்தலாம் என்று நினைத்தாள். காதருகே குனிந்து, "அம்மா, எனக்கு லேசாத் தலை சுத்துது. ஒருவேளை மயக்கம் கியக்கம் வந்தா நீ பயந்துடாத" என்றாள்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்ப வரும்?"

"என்னது?"

"மயக்கம்."

"அது எப்படிம்மா சொல்ல முடியும்?"

"அப்ப வரும்போது பார்த்துக்கலாம்."

இதென்ன தாய் என்று அவள் குழம்பிக் கொண்டிருக்கும்போதே, வலது பக்கத்துக் கண்ணாடிக்காரர் திரும்பினார். "மயக்கமா? நான் டாக்டர். கையைக் கொடுங்க."

"வேணாம் சார், பரவாயில்ல."

"கொடுங்கம்மா, கூச்சப்படாதீங்க." மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடினார். "நாடி கல்லு மாதிரி இருக்கு. நீங்க நினைச்சாலும் மயங்க முடியாது. நான் கேரண்டி."

அவளுக்கு அழுகை வந்தது. ஆறுதலுக்காகச் சொன்ன பொய், பக்கத்து இருக்கையில் ஒரு சாட்சியை உண்டாக்கிவிட்டது.

திரையில் ஊஞ்சல் தானாக ஆடியது. இரண்டு வரிசை முன்னால் ஒரு பெண் "அம்மா" என்று கூவி, சரிந்து, நடைபாதையில் உருண்டாள். யாரும் சிரிக்கவில்லை. மகள் அம்மாவின் கால்களைத் தாண்டி ஓடிப் போய் அந்தப் பெண்ணின் தலையைத் தூக்கினாள். நிஜமாகவே ஒரு பெண் பயந்து விழுந்துவிட்டாள் என்றுதான் நினைத்தாள்.

அந்தப் பெண் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "உன் சீட்டுக்குப் போ. எனக்கு ஊஞ்சல். உனக்குக் கிணறு."

"யார் சொன்னா?"

"மேனேஜர் சார்தான். உன்மேல நம்பிக்கை இல்லையாம். முடியை விடு, வலிக்குது."

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். ஆட்கள் அந்தப் பெண்ணைத் தூக்க, அவரும் கூடவே வெளியே போனார். அவள் இருக்கைக்குத் திரும்பி அரங்கத்தைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் ஒருவர் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். பயமா, கூலியா? அங்கே ஒரு கிழவர் வாயைப் பிளந்திருந்தார். அதிர்ச்சியா, தூக்கமா? ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை பேரில் எவன் டிக்கெட் வாங்கி வந்தவன், எவன் டிக்கெட் கொடுத்து அழைத்துவரப்பட்டவன்?

டாக்டர் திரும்பி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. "அத்தனையும் நடிப்பும்மா. அந்தப் பொம்பளைக்கு ஒரு குறையும் இல்ல. மேனேஜர்கிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன். இன்னொருத்தர் விழுந்தா நானே அந்த நிருபரைக் கூப்பிட்டு எழுதச் சொல்லுவேன்."

"நீங்க எந்த ஆஸ்பத்திரி சார்?"

"மாட்டாஸ்பத்திரி. அதனால என்ன? நாடி நாடிதான். மாடு ஒருநாளும் பொய்யா விழாது."

போன் உதறியது. மேனேஜர்: "டாக்டரைக் கவனிக்காதே. நிருபர் கேமராவோடு நிற்கிறார். கிணற்றுக் காட்சி வரப்போகிறது. விழவில்லை என்றால் நாளைக்கு வராதே."

விழுந்தால் டாக்டர் நாறடிப்பார். விழாவிட்டால் வேலை போகும். இரண்டுக்கும் நடுவில் அம்மா. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் உதடுகள் திரையில் பேசுகிறவளோடு சேர்ந்தே அசைந்தன. ஒரு சொல் பிசகவில்லை.

திரையில் கதாநாயகி கிணற்றில் கயிற்றை விட்டாள். பின்வரிசைப் பையன்கள் உற்சாகமானார்கள்.

"ஒண்ணு" என்று கோரஸாக எண்ணினார்கள். வாளியில் தண்ணீர். "ரெண்டு." தண்ணீர். "மூணு." ஒரு கொத்து முடி. "ஷாம்பூ" என்றான் ஒருவன். கொல்லென்று சிரிப்பு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை பேரை ராத்திரி முழுக்க விழித்திருக்க வைத்த படம். எத்தனை அடத்தை அடக்கிய வாளி. இதுகளுக்கு விளையாட்டாக இருக்கிறது.

"நாலு. அஞ்சு."

ஓரத்தில் டிக்கெட் கிழிக்கும் பெரியவரும் கேன்டீன் ஆளும் வந்து தயாராக நின்றார்கள். பெரியவர் அவளைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, விழப்போறது அவங்க இல்ல" என்று அவள் கைச்சாடை காட்டினாள். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி அம்மாவையே பார்த்தார்.

"ஆறு." வாளியில் ஒரு வளையல்.

கதாநாயகி கயிற்றைக் கை நழுவவிட்டாள். இழுக்க யாருமில்லாமல், உருளை தானாகக் கிறீச்சிட, வாளி மேலே வர ஆரம்பித்தது. "ஏழு" என்று சொல்லப் பையன்கள் வாயைத் திறந்தார்கள்.

வருவது வரட்டும் என்று அவள் கண்ணை இறுக்கி மூடி, இடது பக்கமே சாய்ந்தாள். அம்மா மடியில் நச்சென்று தலை இடிக்கும், அம்மா அலறுவாள், அம்மாவுக்கு என்னவோ ஆகும் என்று எண்ணிக்கொண்டேதான் சாய்ந்தாள்.

தலை எங்கும் இடிக்கவில்லை. ஒரு கை பின்கழுத்தைத் தாங்கியது. இன்னொரு கை இடுப்பைத் திருப்பியது. அம்மாவின் முழங்கால்கள் கதவு திறக்கிற மாதிரி ஒதுங்கின. வழுக்கிக்கொண்டு போய் நடைபாதையில் பூப்போல மல்லாந்து கிடந்தாள். எப்படி அங்கே வந்தோம் என்பதே அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த நொடி அம்மா அலறினாள்.

அப்படி ஒரு குரல் அம்மாவிடம் இருப்பது அவளுக்குத் தெரியாது. அடிவயிற்றில் கிளம்பி, கூரையில் மோதி, கடைசி வரிசைவரை போய்த் திரும்பியது. "ஏழு" பையன்களின் தொண்டையிலேயே நின்றுவிட்டது. யாரோ ஒருவன் விசும்ப ஆரம்பித்தான். மூடிய இமைக்கு மேல் கேமரா வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. துப்பட்டாவுக்குள் போன் ஓயாமல் உதறியது.

"தள்ளுங்க, நாடியைப் பார்க்கணும்" என்று டாக்டரின் குரல் நெருங்கியது.

"தொடாதீங்க. காத்து வரட்டும்" என்று அம்மா அதட்டினாள். டாக்டரின் செருப்புச் சத்தம் பின்வாங்கியது. இனி யாரும் நடிப்பு என்று சொல்ல முடியாது. பெற்றவள் அலறிய அலறலே சான்றிதழ். வேலை கிடைத்துவிட்டது என்று அவளுக்குக் கண்ணை மூடியபடியே தெரிந்தது. ஆனால் அம்மா? பயத்தில் அம்மாவின் நெஞ்சு நின்றுவிட்டால்?

அலறல் நின்றது. தேயவில்லை, தேம்பவில்லை. குழாயை மூடினாற்போல் நின்றது.

நான்கு கைகள் அவளைத் தூக்கின. அம்மா கூடவே அழுதுகொண்டு ஓடிவருவாள் என்று காத்திருந்தாள். அம்மாவின் இருக்கை ஒருமுறை கிறீச்சிட்டது. எழுந்திருக்கிறாள் போலும். அப்போது தலைமாட்டில் தூக்கிக்கொண்டிருந்த டிக்கெட் பெரியவர் அம்மாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்:

"நீ உட்காரும்மா. அந்தக் காலத்துல தினம் மூணு ஷோவும் இதே வாளி வரும்போதுதானே உன்னைத் தூக்கிட்டுப் போவேன், இன்னிக்காவது மீதிப் படத்தைப் பாரு."