வெள்ளை வண்டியில் படுத்துப் பார்த்தது

வில்லியனூர்,
வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கியது.

சோரியாங்குப்பத்தில் அண்ணன் வீட்டில் தங்கி முதுகுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவி அம்மணிக்கு, உயிரோடு இருக்கும் உன் புருஷன் இருசப்பன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் மகன் முத்துக்குமாரும் கறவை மாடும் தீவனக் கடையும் சௌக்கியம். அங்கு நீயும், உன் முதுகும், மச்சான் வீட்டில் எல்லாரும் சௌக்கியமாக இருக்கத் திருக்காமீசுவரரை வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று போனில் நீ சொன்னபடியே எழுதுகிறேன். "நான் சாவலடி, நல்லாத்தான் கீறேன்" என்று நான் சொன்னதற்கு, "இப்பல்லாம் போன்ல யாரு வோணா யார் குரல்ல வோணா பேசலாமாம், அண்ணன் சொல்லுது. நீ உன் கையால எழுதி முத்துகிட்ட குடுத்தனுப்பு. உன் எழுத்து மாதிரி எவனாலயும் எழுத முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதுவும் சரிதான். முதியோர் கல்வி மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் சிலேட்டைப் பார்த்துச் சிரித்தவள் நீதானே. நம் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் எழுத்து வந்தது. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இத்தனை வருஷமும் ஒரே வீட்டில் இருந்துவிட்டதால் எழுத வாய்ப்பே அமையவில்லை. மேலே உன் பெயரை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாடு கத்தியதும்தான் எழுந்து போய்த் தண்ணீர் காட்டினேன். நான் மெதுவாக எழுதுகிறேன், நீ மெதுவாகப் படிப்பாய், அதனால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போகிற மாதிரிதான் இது இருக்கும்.

நேரில் வந்து முகத்தைக் காட்டலாம்தான். ஆனால் உன் அண்ணன் நாகராஜன் மச்சான் அமாவாசை கழியும்வரை அந்தப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். "எங்க தெருவுல உனக்கு ஒப்பாரி வெச்சி முடிச்சிட்டோம் மாப்ள. நீ பாட்டுக்கு வெயில்ல நடந்து வந்தீன்னா சின்னப் பிள்ளைங்க பயந்துடும்" என்கிறார்.

நடந்தது இதுதான். கடைக்கு ஒரு பிக்கப் வண்டி எடுப்பது என்று முத்து முடிவு செய்தது உனக்குத் தெரியும். எடு, ஆனால் அந்த வண்டியின் முதல் லோடு உன் அம்மாதான் என்று சொல்லிவிட்டேன். நீ அண்ணன் வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்த பிறகு பாகூர் டாக்டர், உட்காரக் கூடாது, நீட்டிப் படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் நீ வர முடியாது. ஆம்புலன்ஸ் என்றால், "சைரன் வெச்சி என்ன ஊர்கோலம் வுடாதீங்க" என்று கத்துகிறாய். நீ இல்லாமல் இந்த வீடு எனக்கு ரொம்ப அகலமாக இருக்கிறது. அதனால் எந்த வண்டியில் நீ நோகாமல் வீடு வந்து சேருவாயோ அந்த வண்டிதான் நமக்கு வண்டி. முத்துவுக்கு மூலக்குளம் ஷோரூமில் நிற்கும் வெள்ளை வண்டி பிடித்திருக்கிறது. மச்சானுக்குக் கடலூர் ரோட்டில் விற்கிற நீல வண்டிதான் வண்டி. அவருடைய பக்கத்து வீட்டில் அதைத்தான் வைத்திருக்கிறார்களாம், ஒரு நாளும் நின்றதில்லையாம். முத்துவும் மச்சானும் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு எத்தனை டன் தாங்கும், எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும், ஏசி வருமா என்று சண்டை போட்டார்கள். படுத்தால் எப்படி இருக்கும் என்று யாருமே கேட்கவில்லை. அதை நான்தான் பார்க்க வேண்டும் என்று தெரிந்துபோயிற்று.

திங்கட்கிழமை நீல வண்டி. அதைக் குறை சொல்லக் கூடாது அம்மணி. முன்சீட்டு அவ்வளவு அகலம், உன் அண்ணி உட்கார்ந்தாலும் இடம் மிச்சம் இருக்கும். கண்ணாடியில் தெருவே தெரிகிறது. ஆனால் பின்னால் ஏறிப் படுத்தால் கால் பின்கதவில் இடிக்கிறது, முட்டியை மடக்கித்தான் படுக்க வேண்டும். நீ என்னைவிட ஒரு சாண் உயரம். நீ எங்கே மடக்குவாய்?

மறுநாள் வெள்ளை வண்டி. மூலக்குளத்தில் சிந்து என்று ஒரு பெண், நம் வில்லியனூர்ப் பிள்ளைதான், எங்களுக்கு ஜூஸ் கொடுத்து, எனக்கு ஒரு சம்பங்கி மாலை போட்டு, வண்டி முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். வண்டி பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே அப்படித்தான். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன பாயை விரித்தேன்.

"தாத்தா, இன்னா பண்றீங்க?"

"படுக்கறேம்மா."

"லோடு ஏத்திப் பாப்பாங்க தாத்தா. இது வரைக்கும் யாரும் படுத்துப் பாத்ததில்ல."

"நான்தாம்மா லோடு."

சிரித்துவிட்டாள். ஷோரூம் டிரைவர் எடுத்தார். முத்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். முதலில் வண்டி துள்ளிய துள்ளலில் பல் செட்டு வாயை விட்டு வெளியே வரப் பார்த்தது. டிரைவர் நல்லவர், நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். பிக்கப் என்றால் காலி வண்டி துள்ளத்தான் செய்யுமாம், பாரம் ஏறினால்தான் அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டை அமுங்கி வண்டி படியுமாம். உடனே நம் கடையில் நிறுத்தி, தவிட்டு மூட்டைகளை இரண்டு பக்கமும் அடுக்கி, நடுவில் நான் படுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அது வண்டியில்லை அம்மணி, தொட்டில். காற்று காதில் புகுந்ததால் துண்டை எடுத்து முகவாயோடு சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். சம்பங்கி வாசனையாக இருந்ததால் மாலையைக் கழற்ற மனம் வரவில்லை.

நமக்கு வானம் என்றால் மழை வருமா வராதா என்று நிமிர்ந்து பார்க்கத்தான் தெரியும். படுத்துக்கொண்டு போகிறபோது அது வேறு. பனைமரத்துத் தலைகள் மட்டும் வருகின்றன, உடம்பு இல்லை. கரண்டுக் கம்பி மெல்ல இறங்கி இறங்கி, ஒரு கம்பம் வந்ததும் திடுக்கென்று மேலே ஏறிக்கொண்டு, மறுபடி இறங்குகிறது. மாதா கோயில் கோபுரத்தின் சிலுவை வந்து, என்னைப் பார்த்துவிட்டுப் போகிறது. கடை, சேறு, சண்டை எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும் எங்கோ பக்கத்து ஊரில் கேட்பதுபோல் கேட்கிறது. இந்த ரோட்டில் எத்தனை முறை போயிருப்பேன், இதற்கு மேலே இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீ இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அப்போது ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். வெயில் முகத்தில் அடித்தது, கண்ணை மூடிக்கொண்டேன்.

சுற்றிலும் பைக்குகள் ஒவ்வொன்றாக ஆஃப் ஆயின. ஆரன் அடிக்கிற சத்தமே இல்லை. நம் ஊர் ஜனங்கள் இவ்வளவு மரியாதைக்காரர்களாக ஆகிவிட்டார்களே என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார் என்று முத்து பிறகு சொன்னான். அவனுக்கு அப்போது தவிட்டுத் தூசி கண்ணில் விழுந்து, தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தச் சமயம் பார்த்துக் கேட்டுக்கு அந்தப் பக்கம் பைக்கில் நின்றவன் உன் சித்தப்பா மகன் பாக்யராஜ். அவன் மேல் தப்பே இல்லை. மாலை இருக்கிறது, வாய்க்கட்டு இருக்கிறது, பக்கத்தில் பிள்ளை அழுகிறான், நான் வேறு சிரித்த முகமாகப் படுத்திருக்கிறேன். ரயில் போய்க் கேட் திறந்த நெரிசலில் அவனால் எங்களிடம் வர முடியவில்லை, சோரியாங்குப்பத்துக்கு போன் போட்டுவிட்டான்.

முத்து போனைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்ததால் இது தெரியாமல் நாங்கள் சங்கராபரணி பாலம் தாண்டி அரியூர் போய் டீ குடித்து, வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தோம். பாலத்து மேல் கம்பியும் இல்லை மரமும் இல்லை, வெறும் நீலம். அதற்காகவே இன்னொரு முறை போய் வரலாமா என்று டிரைவரிடம் கேட்டேன், சந்தோஷமாக வந்தார். திரும்பி வந்தால் நம் வீட்டு வாசலில் கூட்டம். வண்டியை விட்டு இறங்கினேன். பிளாஸ்டிக் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்த ஆளிடம் கேட்டேன்.

"யாருப்பா போயிட்டது?"

"தீவனக்கடை இருசப்பனாம்."

"அடப்பாவமே. நல்ல மனுஷனா?"

"தங்கம். எடை போடும்போது மட்டும் கை கொஞ்சம் இழுக்கும்."

அவனிடம் நியாயம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் மச்சானின் குரல் கேட்டது. தெருவில் மண்ணில் உட்கார்ந்துகொண்டு நெஞ்சில் அடித்துக்கொள்கிறார். "வெள்ள வண்டி, வெள்ள வண்டின்னு நாயா அலஞ்சியே மாப்ள! நான் வேணாம் வேணாம்னு தடுத்தனே! டேய் முத்து, எங்கடா கீற, அந்த வெள்ள வண்டியவே எட்றா! உங்கப்பன் கடேசியா படுத்த வண்டிடா அது!" எனக்கே கண்ணீர் வந்துவிட்டது. மச்சானுக்கு என் மேல் இவ்வளவு பாசம் என்று எனக்கு எப்படித் தெரியும்? அருகில் போய் அவர் தோளைத் தொட்டேன். எதிர்வீட்டு ஜோஸ்பின் என்னை மாலையோடும் கட்டிய வாயோடும் பார்த்துவிட்டு "ஏசுவே" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள். மச்சான் நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்ள?"

"சொல்லுங்க மச்சான்."

"நீ சாவலயா?"

"இல்ல மச்சான், வண்டி பாத்துட்டு வரேன்."

அவர் மூக்கைச் சிந்தினார், முகத்தைத் துடைத்தார், எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "அப்டின்னா நீல வண்டிதான்" என்றார்.

ஷோரூம் டிரைவர் அந்தப் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "சார், கஸ்டமர் வூட்ல துக்கம் சார்... இல்ல சார், கஸ்டமருக்கேதான்... இல்ல சார், நல்லாத்தான் கீறாரு."

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் ஜனங்கள் எல்லாரும் வந்தது மச்சானுடைய பக்கத்து வீட்டு நீல வண்டியில்தான். நின்றுகொண்டு, தொங்கிக்கொண்டு, மாலைகளோடும் பறையோடும் மாரடித்துக்கொண்டே அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள், வண்டி ஒரு முனகல் முனகவில்லை. பாரத்துக்கு நீலம் என்பதில் சந்தேகமே இல்லை. என் சாவு அதற்கு நல்ல டெஸ்ட். அப்படி நீலமும் வெள்ளையும் நம் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, துக்கத்துக்கு வந்தவங்க எல்லாம் கதவைத் திறந்து பாக்கிறதும் டயரை உதைக்கிறதுமா ஆரம்பிச்சிட்டாங்க. நான் வெள்ளை வண்டியில பாயைச் சரிபண்ணி, படுத்துப் பாருங்கன்னு சொன்னேன். முதல்ல வெட்கப்பட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா ஏறிப் படுத்தாங்க. ஒரு கிழவி தூங்கியே போயிடுச்சி, எழுப்ப மனசு வரல. கடைசியா மச்சான், இதுல ஒண்ணும் இல்லன்னு காட்டறதுக்காகவே ஏறிப் படுத்தாரு. ரொம்ப நேரம் எழுந்திருக்கல.

"இன்னா மச்சான் கீது அங்க?"

"ஒண்ணும் இல்ல." கொஞ்ச நேரம் கழிச்சி, "ஒரு கொக்கு போச்சு" என்றார்.

ஆனாலும் இறங்கி வந்து நீலம்தான்னு சொல்லிட்டுத்தான் போனாரு. தங்கச்சி முன்சீட்டுல சாஞ்சிகினு வரட்டும், படுத்துகினு வந்தா இன்னொருவாட்டி ஊரே கூடிடும்ங்கிறாரு. உன்கிட்ட எனக்கு மேலுக்கு முடியலன்னு மட்டும்தான் சொல்லிட்டு வந்தாங்களாமே. அவ்வளவு பேரும் பழைய புடவை மாத்திகினு கிளம்பினதைப் பாத்து நீயே புரிஞ்சிகினு சுவர்ப் பக்கமா திரும்பிப் படுத்துட்டியாம். மச்சான் சொன்னாரு. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு சரியா இறங்கல. அதான் சொல்றேன், இதை நீ தீர்மானம் பண்ணு. உக்காந்து வரணும்னா நீலம். படுத்து வரணும்னா வெள்ளை. முத்து இந்தக் கடிதத்தோட வரும்போது ஒரே ஒரு வார்த்தை அவன்கிட்ட சொல்லி அனுப்பு, போதும். வீட்டுக்கு வா.

மச்சானுக்கும் அண்ணிக்கும் என் வணக்கம். எனக்காக அழுத அத்தனை பேருக்கும் என் நன்றியைச் சொல்லவும், சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கச் சொல்லவும். பிள்ளைகள் பெரும்பேறு பெற்று நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். என் ஆயுளுக்குக் குறைவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் இருசப்பன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கிறதுக்கு முன்னாடி முத்து வாங்கிப் படிச்சான். படிச்சிட்டு அடக்க முடியாம சிரிக்கிறான். கேட்டா, "அம்மாக்கு முதுகு எப்பவோ சரியாயிடுச்சுப்பா. அங்க தெனம் மாமா வெளிய போனதும் ஆத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வருது. உன்கிட்ட சொல்ல வேணாம்னுச்சி. அந்த மனுஷன் வண்டி பாக்கறேன்னு சந்தோஷமா சுத்திகினு கீறாரு, நான் எழுந்துட்டேன்னு தெரிஞ்சா பஸ்ல இட்டாந்துட்டு அதோட நிறுத்திடுவாரு, பாத்து முடிக்கட்டும்னுச்சி" என்கிறான். அம்மணி, மேலே எழுதின எதையும் நீ படிக்க வேணாம். ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்ப வேணாம். வெள்ளை வண்டிக்கே சொல்லச் சொல்லிட்டேன், அமாவாசை கழிஞ்சி வியாழக்கிழமை வருது. அது வரைக்கும் முதுகு வலிய மட்டும் விட்டுடாத. மச்சான் எதிர்ல ரெண்டு தரம் முனகி வை. நானும் உன் பக்கத்துல படுத்துகினு வரேன். முத்து ஓட்டட்டும், மெதுவா ஓட்டுன்னு சொல்லியிருக்கேன்.