கரை தேடும் ஓடம்

வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்தாயிற்று. பெண் வீட்டார் அதைத் திறந்தால்தான் சம்மதம், அதற்கப்புறம்தான் சாப்பாடு. ஜம்ரி வாத்தியாருக்கோ பாட்டின் கடைசிச் செய்யுள் இல்லை. மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் அதை எழுதவே இல்லை!

மூவார் ஊரில் தங்கை மகன் ஹைகலுக்குப் பெண் கேட்க, பந்துன் என்கிற நாலடி மலாய்ப் பாட்டு ஒன்று போதும். ஆனால் கணக்கு வாத்தியாரான அவருக்குச் சங்கிலிப் பந்துன்தான் வேண்டும். ஒரு செய்யுளின் இரண்டாம் அடியும் நான்காம் அடியும் அடுத்ததற்கு முதலும் மூன்றுமாக வரும். கடைசியில் முதலடியைக் கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டும்.

பாட்டு பழசு. பள்ளியில் கூட வேலை பார்த்த மஸ்னாவுக்காக எழுதியது. பாதி பாடிக்காட்டி, மீதி நாளைக்கு என்றார். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை, மாற்றலாகிப் போய்விட்டார். அந்த மஸ்னாதான் இன்று பெண் வீட்டுக்காகப் பேச உட்கார்ந்திருந்தாள். தான் வளர்த்த அண்ணன் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, அண்ணனோடு புரூணைக்கே போய்விடப் போகிறாளாம். கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. ஜம்ரியும்தான்.

முடிவு காரில் வரும்போது தோன்றும் என்று நம்பினார். தோன்றவில்லை.

பாடிக்கொண்டே கடைசிச் செய்யுளுக்கு வந்ததும், புது அடி இல்லாததால் பழைய அடியையே போட்டார். அது நேராக 'கரை தேடும் ஓடம்' என்ற முதல் செய்யுளில் கொண்டுபோய் விட்டது. ஒன்றை ஏழால் வகுத்தால் மிச்சம் மறுபடி ஒன்றாக வந்து, அதே இலக்கங்கள் வரிசை பிசகாமல் திரும்ப வருமே, அந்தக் கதைதான். வகுப்பில் அதைச் சொல்லிச் சிரித்தவர் அவர்.

மஸ்னா நிதானமாகப் பதில் பாடினாள்.

"கரை இங்கேதான் இருக்குது, கரை தேடும் ஓடம் ஏன் நிக்குது?"

கூட்டம் சிரித்தது. குத்திக்காட்டுகிறாள் என்று ஜம்ரிக்குக் காது சிவந்தது. இருமினார், தண்ணீர் குடித்தார், வேகமாகப் பாடிப் பார்த்தார். வேகமாகச் சுற்றியதுதான் மிச்சம். ஒவ்வொரு தடவையும் அவள் ஓடத்தையே திருப்பி நீட்டினாள். உள்ளே ரெண்டாங் கறி ஆறிக்கொண்டிருந்தது. பையனுக்கு மனசில்லையோ என்று பெண்ணின் அப்பா முகம் சுளித்தார்.

ஹைகல் காதில் கிசுகிசுத்தான். "மாமா, எனக்குப் பொண்ணே கிடைக்காது போலிருக்கு."

ஜம்ரி பாட்டைக் கைவிட்டார். "சுத்தி வளைக்கல. எங்க பையனுக்கு உங்க பொண்ணைக் கொடுங்க."

மஸ்னா தட்டைத் திறந்தாள். அவள் முகம் வாடியிருந்தது. தன்னால் அவளுக்கும் தலைகுனிவு என்று ஜம்ரி நொந்துபோனார். அன்றும் சொதப்பினேன், இன்றும் சொதப்பினேன் என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை.

கிளம்பும்போது சமையலுக்கு வந்திருந்த கல்சோம் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மஸ்னா அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லும்மா. பாட்டுக்கு முடிவு தெரியாம அவங்களையும் சுத்த விட்டுட்டேன்."

கல்சோம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அக்காவுக்கா முடிவு தெரியாது? நீங்க பாதியில விட்டதை அவங்க என்னைக்கோ முடிச்சாச்சு வாத்தியாரே, காலையிலகூட அடுப்படியில பாடினாங்க. நீங்க உங்களுக்காகக் கேப்பீங்கன்னுதான் இன்னைக்கு முடிக்காமலே இருந்தாங்க."