தாலியும் கூரைக் கொக்கியும்

முன்கூட்டியே திட்டமிட்டால் எதுவும் தப்பாகாது என்று நம்புகிறவள் நான். காதலையும் அப்படித்தான் திட்டமிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மகள் பிறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கும் கணவருக்கும் இடையே மிஞ்சியிருந்தவை இரண்டே கேள்விகள்: "பாப்பா சாப்பிட்டாளா? தூங்கினாளா?" இப்படியே போனால் என்ன ஆவோம் என்று பயம் வந்துவிட்டது. அதனால் திருமண நாளன்று மலையடிவாரத்துக் கல்லாறு வரை போய்வருவது, குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். பிள்ளையை மாமியார் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

ஆரியசாலையில் கடை வைத்திருக்கும் கணவரின் சித்தப்பா தன் பழைய காரைக் கொடுத்தார். இரண்டே இருக்கை, மடக்குக் கூரை. எங்கள் கட்டிலைவிடச் சிறியது. "கூரைய மட்டும் பாத்து மடக்குடே. அதுக்கு என்னைவிட வயசு கூட," என்றார்.

முன்னெச்சரிக்கையாகக் குழந்தையின் பையை எடுத்துக்கொண்டேன். (குழந்தைதான் வரவில்லையே என்று கேட்காதீர்கள். தம்பானூர் தாண்டிய பிறகுதான் எனக்கும் அது தோன்றியது.) வைக்க இடமில்லை, பை என் மடியில். அவர் என் கையைப் பிடித்தபோதெல்லாம் கியர் மாற்ற வேண்டி வந்தது. சிக்னலில் பக்கத்து பஸ்ஸிலிருந்து ஒருவர் குனிந்து, "சாரே, கை ஸ்டியரிங்கில்!" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் கையை இழுத்துக்கொண்டு பால் புட்டியைச் சரிபார்த்தேன்.

கல்லாற்றில் ஒரு டீக்கடை முன் நிறுத்தியதும் மழை பிடித்துக்கொண்டது. கூரையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். பாதியில் நின்றுவிட்டது. பாதிக் கூரையாவது மறைக்கிறதே என்று அவர் என் பக்கம் குனிந்தார். நானும் நிமிர்ந்தேன். டக்கென்று ஒரு சத்தம். என் தாலிச் சங்கிலி கூரைக் கம்பியின் கொக்கியில் சிக்கி, கொக்கியும் மடங்கிக்கொண்டது.

"அனங்காத!" என்றார். அசைய வழி இருந்தால்தானே!

டீக்கடைச் சேச்சி குடையோடு ஓடிவந்தார். "மோளே, மால ஊரியால் போரே?"

சங்கிலியைக் கழற்றினால் போதும்தான். சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள். ஆனால் திருமண நாளும் அதுவுமாகத் தாலியைக் கழற்றி ஒரு காருக்குப் போட்டுவிட்டு நிற்பதா? மாட்டேன் என்றேன்.

சேச்சி ஒரு ஸ்குரூடிரைவர் கொடுத்தார். என் கழுத்தோரம் முகத்தை வைத்தபடி, கொக்கியின் துருப்பிடித்த இரண்டு திருகாணிகளோடு கணவர் அரை மணி நேரம் போராடினார். எட்டு மாதத்தில் நாங்கள் அவ்வளவு நெருங்கி இருந்ததில்லை. நேரமாகிறதே என்று நான் கடிகாரத்தைப் பார்க்க முயன்றபோது, திருகுவதை நிறுத்திவிட்டு மெல்லக் கேட்டார்.

"காலைல நீ ஏதாவது சாப்பிட்டியா? நல்லாத் தூங்கி எத்தன நாளாச்சு?"

அழுதுவிட்டேன். வலிக்கிறதாக்கும் என்று சேச்சி தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தேய்த்தார்.

கொக்கி காரை விட்டது, சங்கிலியை விடவில்லை. அதைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே, நனைந்து, எண்ணெய் வழிய, நாலரைக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னளா இது? காருக்கும் கழுத்த நீட்டிட்டு வந்திட்டியா?"

இப்போதும் நாங்கள் இருவரும் எங்காவது கிளம்பினால், மாமியார் வாசலில் நின்று மகனிடம் கேட்பார்: "ஸ்குரூடிரைவர் எடுத்தாச்சாடே?" மூன்று வயது மகளும் இப்போது கூடச் சேர்ந்து கேட்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

ஆனால் என் கைப்பையில் நிஜமாகவே ஒரு ஸ்குரூடிரைவர் இருக்கிறது. கிளம்புமுன் இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.