அந்த சோஃபியா யாருங்க?

போகாத ஊரைப் பற்றி நாவல் எழுதுவதில் ஒரு வசதி உண்டு. அந்த ஊர்க்காரர்கள் அதைப் படிக்கப்போவதில்லை. ஆனால் சொந்த ஊர்க்காரர்கள் படித்துத் தொலைப்பார்கள். இந்தச் சின்ன விஷயம் இருபத்தாறு வயதில் எனக்கு உறைக்கவில்லை. (எல்லோரும் செல்போன் விளையாட்டில் பாம்பு வளர்த்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு மட்டும் இலக்கியம் பிடித்திருந்தது.)

இத்தாலிக்குப் போய்வந்தவன் நானல்ல, என் அண்ணன். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டு ஆர்டர் பிடிப்பவன். சாம்பிள் பெட்டியோடு மிலான் போவான். திரும்பி வந்தால் ஒரு வாரம் வீடே சிரிக்கும். ஊத்துக்குளி நெய்யை ஷாம்பு பாட்டிலில் கொண்டுபோய், அவசரத்தில் அதையே தலைக்குத் தேய்த்துக்கொண்டு துணி வாங்கும் பையரைப் பார்க்கப் போன கதையை அவன் நடித்துக் காட்டினால், அண்ணி புரையேறி உள்ளே ஓடுவார்.

கடைசிப் பயணத்தில், கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில், நின்றிருந்த லாரியில் கார் மோதியது. அண்ணன் வீடு வந்து சேரவில்லை.

அடுத்த வருஷம் அவன் சொன்ன கதைகளைக் கோத்து ஒரு நாவல் எழுதினேன். திருப்பூர் இளைஞன் விடுமுறைக்கு இத்தாலி போகிறான், காதல் வருகிறது, ஊர் திரும்புகிறான். அவ்வளவுதான். பனியனுக்கு லேபிள் அடிக்கும் நண்பனின் அச்சகத்தில் கொடுத்தேன். அட்டையில் பைசா கோபுரம். புத்தகம் வந்தபோது கோபுரம் செங்குத்தாக நின்றது.

"கோணலா கெடந்துச்சுடா, நாந்தான் நிமித்தி உட்டேன்" என்றான் நண்பன், பெருமையாக.

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் விமரிசனக் கூட்டம். ஒரு வருஷமாக வாசல் தாண்டாத அண்ணி, "அவரு கதைதானுங்களே" என்று கிளம்பி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் உணர்ச்சிவசப்பட்டு மைக்கைப் பிடித்தேன்.

"இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. எல்லாம் என் அண்ணன் வாழ்ந்தது!"

(கைதட்டினார்கள். அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.)

முதலில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுந்தார். "நானும் தேடித் தேடிப் பாத்தனுங்க. கருத்துன்னு ஒண்ணுமே கெடைக்கலீங்க."

"கருத்து எதுக்குங்க?" என்றார் பனியன் நூல் வியாபாரி ஒருவர். "கம்பெனில நாள்பூரா மண்டை காயுது. இதப் படிச்சுப்போட்டு நல்லா சிரிச்சனுங்க."

பேங்க்கில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர், திருப்பூரிலிருந்து ஈரோடு போகும் ரயிலில் படித்ததாகச் சொன்னார். "ஊத்துக்குளி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க. ஈரோடு வரைக்கும் சும்மா உக்காந்திருந்தேன்."

இத்தாலி போய்வந்த எக்ஸ்போர்ட் முதலாளி ஒருவரும் வந்திருந்தார். "கோபுரத்தடியில அலை அடிக்குதுன்னு எழுதியிருக்கறீங்க. அங்க கடலே இல்லீங்களே?"

நான் வியர்த்துக்கொண்டிருக்கையில் தமிழாசிரியர் மறுபடி எழுந்தார். "ஒரு வரிகூடக் கற்பனை இல்லைன்னீங்க. அப்ப உங்கண்ணன்கூடப் படகுல போன அந்த ஓட்டல்காரப் புள்ள சோஃபியா யாருங்க?"

எல்லாத் தலைகளும் மெதுவாக அண்ணி பக்கம் திரும்பின. அந்த நாவலில் நானாகச் சேர்த்த சரக்கு இரண்டுதான்: ஒன்று கடல், இன்னொன்று சோஃபியா.

"அது... வந்துங்க... சோஃபியா ஒரு குறியீடுங்க" என்றேன். (எதற்குக் குறியீடு என்று இன்றுவரை எனக்கே தெரியாது.)

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணி மடியிலிருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடியும்வரை எழவில்லை. கொடுத்த டீயையும் குடித்தார்.

வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து வந்தார். நொய்யல் பாலம் தாண்டியதும் கேட்டார்.

"தம்பி, அந்த சோஃபியா நெசந்தானுங்களா?"

"ஐயோ, இல்லீங்க அண்ணி! சத்தியமா நானா எழுதுனதுங்க. அண்ணன் அங்க போயும் உங்களப் பத்தித்தான் பேசிட்டிருந்தானுங்க."

"நெசமாவே இருந்திருக்கலாமுங்க தம்பி. அவகூட அங்கியே நின்னுருந்தா, இந்நேரம் எங்கியோ உசுரோட இருந்திருப்பாரல்ல."

எனக்கு வண்டி ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்தினேன். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்றுதான் நினைத்தேன், அழவும்தான் செய்தார். நடுவிலேயே, "இல்லாத கடலைக் கொண்டுபோய் வெச்சீங்க பாருங்க" என்று சொல்லிச் சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். ரோட்டில் போனவர்கள் எங்களை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகு நான் நாவல் எதுவும் எழுதவில்லை. (தமிழுக்கு என்னால் ஆன உதவி.)

இப்போதும் வருஷா வருஷம் அண்ணன் திதிக்கு இலை போட்டுப் படைக்கும்போது, அண்ணி என் மனைவியிடம் சொல்வார்:

"அந்த சோஃபியாளுக்கும் ஒரு வடை வெய்யி கண்ணு. பாவம், அவளும் அவரு வழியப் பாத்துட்டேதான இருப்பா."

எல்லோரும் சிரிப்போம். என் மனைவி இன்னொரு வடையை எடுத்து வைப்பாள்.