மியூட் அண்ணன் பூட்டிய ஸ்பீக்கர்

நெய்வேலி நகரியத்தில் சுரங்கத்து இயந்திரங்களைத் தவிர மற்ற எல்லாவற்றின் சத்தத்தையும் குறைத்த ஒரே மனிதர் எங்கள் மியூட் அண்ணன்தான். விட்டிருந்தால் அந்த இயந்திரங்களையும் ஒரு கை பார்த்திருப்பார்.

சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம், எங்கள் பிளாக்கில் யாருக்கும் தெரியாது. ஆபீஸில் கம்ப்யூட்டர் பிரிவு. எங்களுக்கு எதிர் குவார்ட்டர்ஸ். என் மனைவி சுமதி தாளித்தால்கூட ஜன்னலில் வந்து நிற்பார்.

"மெதுவா தாளிங்கம்மா. மேல பரமசிவம் நைட் ஷிப்ட் முடிச்சுட்டு தூங்கிக்கினு இருக்காரு."

கடுகு எப்படி மெதுவாக வெடிக்கும்? அதைக் கடுகிடம்தான் கேட்க வேண்டும்.

இதற்காகவே அவர் ஒரு குட்டி சாப்ட்வேர் எழுதி, பிளாக்கில் எல்லார் கம்ப்யூட்டரிலும் ஏற்றினார். கம்ப்யூட்டர் திரையின் மூலையில் பொட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். தொட்டால் ஸ்பீக்கர், ஹெட்போன், மைக் எல்லாம் வரிசையாக வரும். எது பேச வேண்டும், எவ்வளவு பேச வேண்டும் என்று அங்கேயே நகர்த்திக்கொள்ளலாம். அருமையான சாமான்! ஆனால் அதற்குள் பரமசிவத்தின் ஷிப்ட் அட்டவணையையும் வைத்திருந்தார். பரமசிவத்துக்கு நைட் என்றால் பகலில் எங்கள் ஸ்பீக்கர் தானாக வாயை மூடிக்கொள்ளும். ஹெட்போன் மட்டும்தான் பேசும்.

சுமதியின் கான்ட்ராக்ட் வேலை போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. எத்தனையோ விண்ணப்பம் போட்டு, ஒரே ஒரு இடத்திலிருந்துதான் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரில், பகல் பதினோரு மணிக்கு. அந்த வாரம் பரமசிவத்துக்குக் காலை ஷிப்ட் என்பதால் நிம்மதியாக இருந்தோம். அந்த மகானுபாவரோ முதல் நாள்தான் நண்பரோடு ஷிப்டை மாற்றிக்கொண்டு நைட்டுக்குப் போயிருக்கிறார். அண்ணன் தன் வீட்டிலிருந்தே அட்டவணையைத் திருத்திவிட்டார்.

திரையில் மூன்று பேர் வாயசைக்கிறார்கள். ஒரு சொல் கேட்கவில்லை. எங்கள் ஹெட்போன் செத்து ஒரு வாரம். அந்தப் பொட்டை அமுக்கினால், 'மேல் வீட்டில் தூங்குகிறார். ரகசிய எண்ணைப் போடவும்' என்கிறது. சுமதியின் கண் கலங்கிவிட்டது. அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் போன் என்றைக்கு அடித்தது, அன்றைக்கு அடிக்க!

வாசலுக்கு ஓடிப்போய், "அண்ணே!" என்று அலறினேன்.

உதட்டில் விரலோடு வந்தார். "ஐயோ, மெதுவாங்க!"

"என்னத்த மெதுவா! சுமதிக்கு இன்டர்வியூ, ஒண்ணும் கேக்கல. நம்பரைச் சொல்லுங்க!"

"எனக்குத் தெரியாதுங்களே. பரமசிவம்தான் போட்டாரு."

"எழுதுனது நீங்கதானே?"

"தூங்கறது அவராச்சே! சத்தம் போடலாமான்னு அவருதானே சொல்லணும்?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அடுத்த நொடி படியேறி ஓடினார். "பரமசிவம்! எழுந்திருய்யா!" என்று கதவை இடித்தார் பாருங்கள், அந்த மனிதருக்குத் தொண்டை என்று ஒன்று இருப்பதே அன்றுதான் பிளாக்குக்குத் தெரிந்தது. பரமசிவம் லுங்கியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, பாதிக் கண்ணோடு எண்ணைத் தட்டினார்.

"நாங்க பேசறது கேக்குதாம்மா?" என்றது ஸ்பீக்கர்.

"இப்ப நல்லா கேக்குதுங்க சார்," என்றாள் சுமதி.

பரமசிவம் மாடி ஏறத் தெம்பில்லாமல் எங்கள் சமையலறைத் தரையிலேயே படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தார். அந்தச் சத்தத்துக்கு எந்த சாப்ட்வேரும் கிடையாது. இன்டர்வியூ முடியும்வரை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அவரைப் புரட்டிப் புரட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

வேலை கிடைத்துவிட்டது! வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்காரர்களோடு பேச வேண்டும். முழுக்க நைட் ஷிப்ட். ஸ்வீட் கொடுக்கப் போனபோது அண்ணன் முகம் வாடிவிட்டது.

"நைட்டாம்மா? அப்ப பகல்ல தூங்கணுமே."

புதுப் பெயரை நேரில் வந்துதான் ஏற்ற முடியுமாம். அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய், எல்லா கம்ப்யூட்டரிலும் பரமசிவத்துக்குக் கீழே சுமதியின் பெயரையும் ஏற்றினார். எண்ணை அவளையே போடச் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சுமதி ஒரு பகல்கூடத் திடுக்கிட்டு எழுந்ததில்லை. அண்ணனைக் கிறுக்கு என்று நான் ஆயிரம் சொல்வேன். வேறு யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.